கோழி எப்போது வீட்டுக்கு வந்தது?

உலகில் இன்று 2,000 கோடிக்கும் மேற்பட்ட கோழிகள் வளர்க்கப்படுகின்றன. தலைக்கு இரண்டு கோழிகளுக்கு மேல்! எண்ணிக்கையில் இதற்கு ஈடான பறவை வேறொன்றில்லை. இது எங்கிருந்து வந்தது? மனிதனோடு எப்போது உறவு கொண்டது?

முதல் கேள்விக்கு டார்வின் 1868-ஆம் ஆண்டிலேயே விடை கூறினார். ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியே இதன் மூதாதை என்றார். 2020-இல் 863 பறவைகளின் ஜீன்களை ஒப்பிட்ட ஆய்வும் இதை உறுதிப்படுத்தியது. தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியான்மர் ஆகிய இடங்களில் வாழும் கிளையினமே மிக நெருங்கிய உறவு எனத் தெரிந்தது. நமது மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கும் இதில் பங்குண்டு. பல கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான ஜீன் அதனிடமிருந்து வந்ததே என்று 2008-இல் கண்டறிந்தனர்.

இரண்டாம் கேள்விதான் கடினமானது. 8,000 ஆண்டுகளுக்கு முன்பே கோழி வளர்க்கப்பட்டதாக நெடுங்காலம் கருதப்பட்டது. எலும்பு எந்த மண்ணடுக்கில் கிடைத்ததோ, அந்த அடுக்கின் வயதே எலும்பின் வயது எனக் கொண்டதால் வந்த வினை இது. கோழி எலும்பு சிறியது. எலி வளை தோண்டினாலும், பிற்காலத்தவர் குழி வெட்டினாலும் அது கீழடுக்குக்குப் போய்விடும்.

அப்படியானால் எலும்பின் வயதை எவ்வாறு அறிவது? இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது. உயிருள்ளவரை கோழி தன் உணவின் வழியே கார்பன்-14 என்னும் கதிரியக்க அணுக்களைப் பெறுகிறது. இறந்தபின் வரவு நின்றுவிடும். சிதைவு மட்டும் தொடரும். 5,730 ஆண்டுகளில் பாதி எஞ்சும். மேலும் 5,730 ஆண்டுகளில் கால் பங்கே மிஞ்சும். எனவே எஞ்சியதை அளந்தால் எலும்பே தன் வயதைச் சொல்லிவிடும்.

ஐரோப்பாவிலும் வடமேற்கு ஆப்பிரிக்காவிலும் கிடைத்த மிகப் பழையவை எனப்பட்ட 23 எலும்புகளை இம்முறையில் சோதித்து, 2022-இல் முடிவை வெளியிட்டனர். பெரும்பாலானவை நினைத்ததைவிட மிகவும் இளையவை! ஏறத்தாழ கி.மு. 800-க்கு முன் ஐரோப்பாவில் கோழியே இல்லை. அதே ஆண்டு, 89 நாடுகளில் 600-க்கும் மேற்பட்ட இடங்களின் சான்றுகளைச் சீர்தூக்கிப் பார்த்த மற்றோர் ஆய்வு, தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் ஊரை முதலிடத்தில் வைத்தது. அங்குள்ள எலும்புகளின் காலம் கி.மு. 1650 முதல் 1250 வரை.

அக்காலத்தில் அப்பகுதியில் நெல்லும் தினையும் பயிராகத் தொடங்கியிருந்தன. சிந்திய மணிகளைத் தேடிக் காட்டுக்கோழி வயலுக்கு வந்தது; வயலிலிருந்து முற்றத்துக்கு வந்தது. வலை வீசிப் பிடித்ததைவிட, தானியமே அதை அழைத்து வந்தது எனலாம்.

ஆடும் மாடும் சுமார் 10,000 ஆண்டுகளாக நம்மோடு உள்ளன. கோழியோ ஏறக்குறைய 3,500 ஆண்டுகளாகத்தான். இதற்குள் எத்தனை மாற்றம்! காட்டுக்கோழி ஓர் அடைக்கு ஐந்தாறு முட்டைகளே இடும். வெள்ளை லெகார்ன் ஆண்டுக்கு 300 முட்டைகள் வரை இடுகிறது.

ஆனால் ஒரு கவலையும் உண்டு. காட்டோரம் மேயும் வீட்டுக் கோழிகள் காட்டுக்கோழிகளோடு கலக்கின்றன. பழைய அருங்காட்சியகப் பறவைகளோடு ஒப்பிட்ட 2023-ஆம் ஆண்டு ஆய்வு, இன்றைய காட்டுக்கோழிகளில் வீட்டுக் கோழியின் ஜீன்கள் பெருகிவிட்டதைக் காட்டியது. புதிய நோய்கள் பண்ணைகளைத் தாக்கும்போது, எதிர்ப்புத் திறனைத் தேடி நாம் செல்லவேண்டிய களஞ்சியம் அக்காட்டுப் பறவையே. விதைநெல்லைக் காப்பது போல் அதையும் கலப்பின்றிக் காப்பது நம் கடமையாகும்.