கல்லுக்கு ஒரு மேற்சட்டை

மழை விட்ட மறுநாள் சாலைக் குழி ஒன்றைப் பாருங்கள். வண்டி வராத நேரமாகப் பார்த்து, விளிம்பில் பெயர்ந்து கிடக்கும் சல்லி ஒன்றை எடுங்கள். ஒரு பக்கம் கறுப்பாக இருக்கும். மறுபக்கம் வெறும் கல்லாகத் தெரியும். அங்கிருந்த தார் எங்கே போயிற்று?

(நாம் தார் என்பது உண்மையில் பிட்டுமென்; கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் எஞ்சும் கசடு. பேச்சு வழக்கை ஒட்டி நானும் தார் என்றே எழுதுகிறேன்.)

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். உடைந்த கருங்கல் ஒன்றின் பாதிப் பரப்பில் மெழுகுவத்தியை நன்றாகத் தேயுங்கள். இரு பாதியிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வெறும் கல்லில் நீர் பரவும். மெழுகின்மேல் முத்தாகத் திரண்டு நிற்கும். கல்லுக்கு நீரிடம் ஒட்டுதல் அதிகம். அதனால்தான் விரிசல் வழியே புகும் மழைநீர் கல்லுக்கும் தாருக்கும் இடையில் ஊர்ந்து, தாரை உரித்து விடுகிறது. பிறகு ஒரு லாரிச் சக்கரம் போதும்!

பாலிஎத்திலீன் பை மெழுகின் நெருங்கிய உறவு. இரண்டும் ஹைட்ரோகார்பன்களே; பாலிஎத்திலீனின் மூலக்கூறுச் சங்கிலி மிக மிக நீளம், அவ்வளவுதான். இதைத் தாரில் நேராகக் கலக்கலாமே என்று தோன்றும். ஆனால் அது தாரைவிட லேசானது. கிளறுவதை நிறுத்தினால் பிரிந்து மேலே வந்துவிடும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் வேறு வழி கண்டார். தாரை விட்டுவிட்டுக் கல்லைப் பிடித்தார். சல்லியைச் சுமார் 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, பொடியாக நறுக்கிய பைகளை அதன்மேல் தூவினால், அவை நொடிகளில் உருகிக் கல்லின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன, நுண்துளைகளும் அடைபடுகின்றன. அதன்பின் ஊற்றும் சூடான தார் இந்தப் படலத்தை இறுகப் பற்றுகிறது. நீர் நுழைய இடமில்லை. 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே இப்படி ஒரு சாலை போட்டார்கள். 2013-இல் இந்தியச் சாலைப் பேராயம் இதற்கு வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது. தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக் சேர்க்கலாம் என்பது அதன் அளவு. 2018-இல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதனால் எல்லாப் பிளாஸ்டிக்கையும் சாலையில் கொட்டிவிடலாம் என்று எண்ணாதீர்கள். சாலை தேயும்போது நுண்துகள்கள் மண்ணில் சேருமே என்ற கேள்வியும் இருக்கிறது. வெப்பம் அளவு மீறினால் பிளாஸ்டிக் சிதைந்து நச்சுப் புகை வரும். பி.வி.சி. கூடவே கூடாது, அதிலுள்ள குளோரின், சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளிவரும். ஆகவே வீட்டில் மெழுகுச் சோதனை மட்டும் போதும். பையை அடுப்பில் வைக்க வேண்டாம்.