பூட்டு எங்கே இருக்கிறது?

2018 மார்ச் 7ஆம் திகதி, நற்பிட்டிமுனை தொடங்கி கொழும்பு வரைக்கும் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எதுவுமே திறக்கவில்லை. அதற்கு முந்திய வாரம்தான் நமது அம்பாறை நகரில், ஒரு சாப்பாட்டுக் கடையில் மாத்திரை கலக்கிறார்கள் என்று பொய்யொன்று பரவி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. (அது வெறும் மாக்கட்டி என்று பிறகு அரச பகுப்பாய்வாளர் அறிக்கை சொன்னது.) கலவரம் கண்டிப் பக்கம் திகனவிலும் மூண்டபோது, வதந்தியை நிறுத்த அரசாங்கம் சமூக ஊடகங்களை மூடியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் பல பேருடைய போனில் எல்லாம் திரும்ப ஓடத் தொடங்கிவிட்டது. வீபீஎன் என்ற சொல் ஊரெல்லாம் பரவியது அப்போதுதான்.

2022 ஏப்ரல் 3ஆம் திகதி மறுபடியும் மூடினார்கள். அன்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே வீபீஎன் வழியாக ட்விட்டருக்கு வந்து, இந்தத் தடையால் பயனில்லை என்று எழுதினார்!

பாடசாலைக் கணினி கூடத்தில் யூடியூப் திறக்காதபோது நடப்பதும் இதுதான். அளவுதான் சின்னது.

நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டுகிறீர்கள். கணினிக்குப் பெயர் விளங்காது, எண் வேண்டும். பெயருக்கு எண் தேடித் தரும் ஏற்பாடுதான் டீஎன்எஸ். 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது. லேசான பூட்டை இங்கேதான் போடுவார்கள். யூடியூப் எங்கே என்று கேட்டால், "அப்படி ஒன்று இல்லை" என்று பொய்ப் பதில் வரும்.

இந்தப் பூட்டு பலமில்லாதது. 2014இல் துருக்கி ட்விட்டரை இப்படி மூடியபோது, இஸ்தான்புல் சுவர்களில் இளைஞர்கள் 8.8.8.8 என்று எழுதி வைத்தார்கள். அது கூகுளின் டீஎன்எஸ் எண். உள்ளூர் டீஎன்எஸ்ஸை விட்டு அதனிடம் கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும். சில நாட்களில் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள்.

இரண்டாவது பூட்டு, போகும் தரவு எந்தத் தளத்துக்குப் போகிறது என்று பார்த்து மறிப்பது. இதைத் தாண்டத்தான் வீபீஎன். கடிதத்தைப் பூட்டிய உறைக்குள் வைத்து, வெளியே வேறொருவரின் முகவரியை எழுதி அனுப்புவது போல. கல்முனைத் தபால் கந்தோரில் வெளி முகவரி மட்டும்தான் தெரியும். அந்த வேறொருவர் உறையைப் பிரித்து, உள்ளே இருப்பதை உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பார்.

சரி, அந்த வேறொருவர் யார்? நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று இப்போது அவருக்குத்தானே தெரியும்! 2013இல் பேஸ்புக் நிறுவனம் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. அதன் இலவச வீபீஎன் செயலியை மக்கள் பாதுகாப்புக்கென்று போனில் போட்டார்கள். அவர்கள் வேறு எந்தச் செயலிகளைப் பாவிக்கிறார்கள் என்று பேஸ்புக் அதற்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தது. 2018இல் ஆப்பிள் கேட்டுக்கொண்டதால் அதன் செயலிக் கடையிலிருந்து ஒனாவோ அகற்றப்பட்டது. அடுத்த வருடம் அது நிறுத்தப்பட்டது. உங்கள் வாப்பாவின் போனில் இலவச வீபீஎன் ஏதும் இருந்தால், அதை நடத்துவது யார் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பாடசாலையில் பூட்டுப் போட வேறொரு சாதாரணக் காரணமும் உண்டு. முழுக் கூடத்துக்கும் இணைப்பு ஒன்றுதான். இரண்டு பேர் வீடியோ பார்த்தால் மற்றவர்களின் திரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

வடிகட்டிகள் மடத்தனமாகவும் நடக்கும். 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் ஊர்க்காரர்களால் ஏஓஎல் நிறுவனத்தில் கணக்குத் திறக்க முடியவில்லை. ஊர்ப் பெயரின் எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை இருந்ததாம்! விஞ்ஞானப் பாடத்துக்கு உடலுறுப்பு ஒன்றைப் பற்றித் தேடும்போது உங்களுக்கும் இப்படி நடக்கலாம். அந்தப் பக்கத்தின் முகவரியை எழுதி ஐசிடி சேரிடம் கொடுங்கள். அந்த ஒரு முகவரியை மட்டும் விடு என்று வடிகட்டியில் பதிந்துவிடலாம், பெரிய வேலையில்லை. கார்ட்டூன் பக்கத்தை எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.