ஆறிய புகைக்கு மருந்து

தூத்துக்குடித் துறைமுகத்தின் வாயிலுக்கு வெளியே, உள்ளே போக முறை வரும்வரை எஞ்சினை அணைக்காமலே வரிசை கட்டி நிற்கிற சரக்கு லாரிகளின் விலாப்புறத்தில், டீசல் டாங்கியை ஒட்டினாற்போல நீல மூடியிட்ட சிறு டாங்கி ஒன்று இருப்பதை அவ்வழியே போகிறவர்கள் கவனித்திருக்கக் கூடும். 2020 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த, வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதிகளின் விளைவாக லாரிகளில் ஏறிய அந்த டாங்கியில் இருப்பது, நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கலந்த சுத்த நீர். 1975-இல் இவ்வூரில் தொடங்கிய ஸ்பிக் ஆலை வயல்களுக்கென்று உண்டாக்கும் பண்டமாகிய யூரியாவே, சூடான புகையில் தெளிக்கப்பட்டதும் அம்மோனியாவாகப் பிரிந்து, அப்புகையிலுள்ள ஒரு நஞ்சை முறிக்கிறது.

அந்த நஞ்சின் பிறப்பு விசித்திரமானது. காற்றில் ஐந்தில் நான்கு பங்காக இருந்தும் எதனோடும் எளிதில் சேராத சாது சுபாவமுடைய நைட்ரஜன், 1,300 டிகிரிக்கு மேற்பட்ட சுவாலையில் அகப்பட்டவுடன் பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு நைட்ரஜன் ஆக்ஸைடாக மாறிவிடுகிறது. நிலக்கரிக்குள் அடங்கிய நைட்ரஜனும் அவ்வாறே மாறுகிறது. இந்த ஆக்ஸைடால் வெயில் காலத்தில் தரையோடு ஓஸோன் உண்டாகி நுரையீரலை வாட்டுகிறது. ஈரக்காற்றிலோ இது நைட்ரிக் அமிலமாகிக் கடலுப்புத் துகள்களோடு கலக்கிறது. கொடியில் காயும் துணியில் சாம்பல் படிந்தால் ஜனங்கள் முறையிடுகிறார்கள். பெரும்பாலும் நிறமற்று வெளியேறும் இந்த வாயுவைக் குறித்து முறையிட ஒருவருமில்லை என்பதே என் பெருங்கவலை.

1979-இல் முதல் பிரிவு ஓடத் தொடங்கி, தலைக்கு 210 மெகாவாட் வீதம் ஐந்து பிரிவுகளாக வளர்ந்த அனல் மின் நிலையமும், 2015-இல் வந்த 500 மெகாவாட் இரட்டைப் பிரிவுகளும் இக்கரையில், கப்பலில் வரும் நிலக்கரியை எரித்தே நிற்கின்றன. 2015 டிசம்பரில் மத்திய அரசு வகுத்த விதியின்படி, ஒரு கனமீட்டர் புகையில் பழைய நிலையங்கள் 600 மில்லிகிராமும், 2004-க்கும் 2016-க்கும் இடைப்பட்டவை 300 மில்லிகிராமும், பின்னர் வருபவை 100 மில்லிகிராமுமே இந்த ஆக்ஸைடை விடலாம். நடுவிலுள்ள 300-ஐ 2020-இல் 450 ஆகத் தளர்த்தியது எனக்குச் சற்றும் உவப்பானதன்று.

அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்ஸைடும் சந்தித்தால் வெறும் நைட்ரஜனும் நீராவியுமாகப் பிரிந்து போகும். ஆனால் அச்சந்திப்பை நடத்தி வைக்க ஒரு கிரியா ஊக்கி வேண்டும். இக்கடலில் முத்தும் சங்கும் குளித்த நாட்களில், மூழ்குகிறவனின் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள அவன் மைத்துனனையே தோணியில் நிறுத்துவார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறதல்லவா! நீரில் இறங்காமலும், சிப்பி ஒன்றையேனும் கையால் எடுக்காமலும், அவனின்றி ஒரு குளிப்பும் நடவாதபடி நின்ற அம்மைத்துனனைப் போன்றதே கிரியா ஊக்கி. தன் மேற்பரப்பில் அம்மோனியாவைப் பிடித்து நிறுத்தி, வந்து மோதும் நைட்ரஜன் ஆக்ஸைடோடு சேர்த்துவிட்டு, அவ்வேலையில் தான் இழந்த பிராணவாயுவைப் புகையிலிருந்தே திரும்பப் பெற்று, அடுத்த குளிப்புக்கு அது ஆயத்தமாகிவிடுகிறது.

டைட்டானியம் ஆக்ஸைடின் மேல் பூசிய வனேடியம் ஆக்ஸைடு இவ்வேலையில் வெகுகாலம் பழகியது. ஆயினும் 300 முதல் 400 டிகிரி வரை உஷ்ணமில்லாவிட்டால் அது சோம்பிவிடும். அத்தனை சூடுள்ள இடம் கொதிகலனை அடுத்த பாதையே. நம் நாட்டு நிலக்கரியிலோ நூற்றுக்கு 30, 40 பங்கு சாம்பல். அது அவ்விடத்தில் சூறாவளி மணல்போலப் பாய்ந்து, தேனடைபோல் துளையிட்ட ஊக்கிக் கட்டிகளை அடைத்தும் தேய்த்தும் விடுகிறது. சாம்பலை மின்சாரத்தால் பிடித்தெடுத்த பிறகு புகை சுத்தமாக வருகிறது, ஆனால் 150 டிகிரிக்குள் ஆறிப்போய் வருகிறது.

ஆறிய புகைக்கு மருந்து தேடியவர்களின் கண்ணில் பட்டது மாங்கனீசு. பிராணவாயுவைக் கொடுப்பதிலும் வாங்குவதிலும் தயக்கமில்லாத அதன் ஆக்ஸைடு, சீரியம் ஆக்ஸைடோடு கலந்தபோது 100 முதல் 150 டிகிரியிலேயே நைட்ரஜன் ஆக்ஸைடைச் செவ்வையாக முறிப்பதை மிஷிகன் பல்கலைக்கழகத்தில் ரால்ப் யாங்கும் அவருடைய சகாவும் 2003-இல் காட்டினார்கள். இதன் பரம வைரி கந்தகம். புகையிலுள்ள கந்தக வாயு அம்மோனியாவோடு சேர்ந்து பிசினைப்போல் துவாரங்களை அடைப்பதோடு, மாங்கனீசையே சல்பேட்டாக்கி மீளாதபடி முடக்கிவிடுகிறது. சீரியம் தானே முன்வந்து அக்கந்தகத்தை ஏற்று மாங்கனீசைச் சிலகாலம் காக்கிறது. அந்தச் சிலகாலத்தை ஆண்டுகளாக நீட்டுவதற்கே ஆய்வுக்கூடங்கள் இன்றும் பாடுபடுகின்றன. இந்த நிலையில், நாட்டின் பெரும்பாலான அனல் நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கட்டாயத்திலிருந்து 2025 ஜூலையில் விலக்கு அளித்தது, ஆறிய புகைக்கு வரவிருக்கும் மருந்தின் வழியையும் சேர்த்து அடைப்பதாகவே எனக்குப் படுகிறது.

லாரிக்கும் இதே நோய்தான். நின்ற இடத்தில் மெல்ல ஓடும் எஞ்சினின் புகை ஏறக்குறைய 200 டிகிரிக்குக் கீழே தணிந்துவிட்டால், யூரியா சரியாகப் பிரியாமல் குழாயில் வெள்ளை வெள்ளையாக உறைந்துவிடும் என்பதால், தெளிப்பான் தானாகவே நின்றுகொள்கிறது. நீல மூடிக்குள் மருந்து நிறைந்திருக்க, வரிசையோரத்தில் தேநீர் ஆற்றுகிறவரும், இரு சக்கரங்களுக்கு நடுவே துண்டு விரித்துப் படுத்த கிளீனர் பையனும் முறிக்கப்படாத வாயுவைச் சுவாசிக்கிறார்கள். சரக்கை ஏற்றி வெளியே வந்து, மதுரைச் சாலையில் வேகம் பிடித்து, புகை மறுபடியும் சூடேறிய பிறகே முதல் துளி யூரியா தெறிக்கிறது.