விழுப்புரம் தாண்டிப் போன டிரங்குப் பெட்டி

துப்பறியும் நாவல் எழுத ஆசைப்படும் இளைஞர்கள் பலரும் லண்டன் மூடுபனியில்தான் கதையைத் தொடங்குகிறார்கள். மூடுபனி இல்லாவிட்டால் கொலை நடக்காதா என்ன? அவர்கள் எழும்பூரில் ரயிலேறி, திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை ஓர் இரவு போய் வரட்டும். ‘திந்திரிணி’ என்றால் வடமொழியில் புளி. புளியங்காடாக இருந்ததால்தான் திண்டிவனம் என்று பெயர் வந்தது என்பார்கள். இரவில் புளிய மரத்தடியில் படுக்காதே என்று பாட்டிமார் பயமுறுத்தி வளர்த்த நமக்கு ஸ்காட்லந்துயார்டு எதற்கு?

இந்த வழியாகத்தான் 1952 ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஓர் இரவு, தனுஷ்கோடி போகும் போட் மெயிலில், மூன்றாம் வகுப்புப் பலகையின் அடியில் ஒரு டிரங்குப் பெட்டி போயிற்று. உள்ளே தலையில்லாத ஓர் ஆணின் உடல் இருந்தது.

திண்டிவனம் போயிற்று, விழுப்புரமும் போயிற்று. சென்னையிலிருந்து வரும் ரயில் பாதை பல திசைகளுக்குப் பிரிகிற பெரிய ஜங்ஷன் விழுப்புரம். எத்தனை பேர் ஏறி இறங்கியிருப்பார்கள்! அந்தப் பலகையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தவர்கள்கூட இருந்திருக்கலாம். மறுநாள் வண்டி மானாமதுரையை அடைந்தபோதுதான் நாற்றம் தாங்காமல் பிரயாணிகள் கூச்சலிட்டார்கள். ரயில்வே போலீசார் பெட்டியைத் திறந்தார்கள்.

இதுதான் தமிழ்நாட்டையே கலக்கிய ஆளவந்தார் கொலை வழக்கு. பெயரைக் கேட்டதும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் கொலை எப்படி நடந்தது என்பதைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது வேறு விஷயம். செத்தவன் யார் என்று கண்டுபிடிக்கப் பட்ட பாடுதான் அது. முகம் இல்லாத பிரேதத்துக்கு யார் சொந்தம் கொண்டாடி வருவார்கள்? உடல் கிடைத்ததோ மானாமதுரையில். சில நாட்களில், ஏறக்குறைய 300 மைலுக்கு அப்பால், சென்னை ராயபுரம் கடற்கரையில், சட்டையில் சுற்றி மணலில் புதைத்த ஒரு தலை அகப்பட்டது. இரண்டையும் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்த்து வைத்துப் பார்த்து, ஒரே ஆளுடையவை என்று நிபுணர்கள் தீர்மானித்தார்கள்.

ஆளவந்தார் சைனா பஜாரில் ஒரு பேனாக் கடையை ஒட்டி வியாபாரம் செய்து வந்தவர்; சேலைகளைத் தவணைக்கும் விற்றவர். வெளியே போனவர் வீடு திரும்பாததால், காணோம் என்று புகாரும் இருந்தது. அவர் யுத்த காலத்தில் ராணுவத்தில் வேலை பார்த்ததால் அவரது கைரேகை சர்க்கார் பதிவேட்டில் இருந்தது. பிணத்தின் விரலும் பழைய காகிதமும் ஒத்துப் போயின. பெயர் கிடைத்த பிறகு பாக்கிக் கதை தானே அவிழ்ந்தது. ராயபுரத்தில் குடியிருந்த ஒரு தம்பதி பம்பாய்க்குப் போய்விட்டிருந்தார்கள். போலீசார் அங்கே போய்ப் பிடித்து வந்தார்கள்.

இப்போது ஸ்வீடனுக்குப் போக வேண்டும். தூரம் அதிகம்தான், ஆனால் சங்கதி ஒன்றே. மாய் ஷோவால், பெர் வாலூ என்ற எழுத்தாளத் தம்பதி 1965-ல் ‘ரோசான்னா’ என்ற நாவலை வெளியிட்டார்கள். கால்வாயில் தூர் வாரும் யந்திரம் ஒரு பெண்ணின் பிணத்தை வாரி எடுக்கிறது. யாரென்று தெரியாது. மார்ட்டின் பெக் என்ற போலீஸ் அதிகாரி விசாரிக்க வருகிறார். அவர் வீரர் அல்ல, அழகரும் அல்ல. வயிறு சரியில்லை, வீட்டிலும் சந்தோஷமில்லை. அவரிடம் உள்ள ஒரே சொத்து பிடிவாதம். வாரக்கணக்கில் ஒரு துப்பும் கிடைப்பதில்லை; அப்போதும் கோப்பை மூட மறுக்கிறார். கடைசியில் அமெரிக்காவிலிருந்து வரும் ஒரு தகவல் அவளுக்குப் பெயர் கொடுக்கிறது. பிறகு, அவள் பிரயாணம் செய்த கப்பலில் இருந்த மற்றவர்கள் எடுத்த போட்டோக்களை ஊர் ஊராகக் கேட்டு வரவழைத்து, ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார். துப்பாக்கிச் சண்டையைவிட அந்தப் போட்டோ பார்க்கும் பக்கங்களில்தான் நமக்கு மூச்சு முட்டுகிறது.

நம் தமிழில் இப்படி ஒரு போலீஸ்காரர் ஏன் அபூர்வம்? ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. நடேச சாஸ்திரியார் 1894-லேயே தானவன் என்ற போலீஸ் நிபுணரை வைத்துக் கதை எழுதிவிட்டார். அதன் பிறகு என்ன ஆயிற்றோ, காக்கிச் சட்டையை நம் ஆசிரியர்கள் நம்பவில்லை. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் திகம்பர சாமியார், தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் வக்கீல் கணேஷ் என்று கெட்டிக்காரர்களெல்லாம் வெளியாட்கள். அவர்கள் குற்றவாளியைக் கையைக் காட்டிய பிறகு, ஜீப்பில் வந்து விலங்கு மாட்டுவதே இன்ஸ்பெக்டரின் உத்தியோகம். போலீஸ் என்றால் ஒதுங்கிப் போகிற ஜனங்களுக்கு அந்த ஏற்பாடு பிடித்துத்தான் இருந்தது. ஆனால் சங்கர்லால் தேநீர் குடித்து முடிப்பதற்குள் விஷயம் விளங்கிவிடுகிறது. நிஜத்தில் விளங்குவது அப்படி அல்ல. போர்ட்டர், டிக்கெட் குமாஸ்தா, வண்டிக்காரன் என்று நூறு பேரைக் கேட்டால் ஒருவன் பதில் சொல்வான். அவனும் நாளைக்கு வா என்பான்.

இன்னொன்றும் உண்டு. ஆளவந்தார் வழக்கில் கண்டுபிடித்ததோடு கதை முடியவில்லை. அங்கேதான் இருள் கூடுகிறது. செத்தவர், தம்மோடு முன்பு பழகிய பெண்ணை, அவளுக்குக் கல்யாணமான பிறகும் விடாமல் தொல்லைப்படுத்தினார் என்பது வெளிவந்தது. ஊராரின் அனுதாபம் கொலையுண்டவரை விட்டுக் கூண்டில் நின்றவர்கள் பக்கம் சாய்ந்தது. 1953-ல் சென்னை ஹைகோர்ட்டில் விசாரித்தவர் நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச அய்யர், ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர், ஆங்கிலத்தில் கதையும் நாடகமும் எழுதியவர். கணவனுக்கு 7 வருஷம், மனைவிக்கு 3 வருஷம் சிறை என்று தீர்ப்பாயிற்று. தலையை வெட்டிப் புதைத்து, உடலைப் பெட்டியில் அடைத்து ரயிலேற்றிய வழக்கில் தூக்குக் கயிறு இல்லை!

அந்தத் தீர்ப்பைக் கேட்டபோது, இரவு பகலாக அலைந்த போலீஸ்காரருக்கு எப்படி இருந்திருக்கும்? தாம் பெயர் தேடிக் கொடுத்த மனிதரை ஊரே வைகிறது. தாம் பிடித்து வந்தவர்களுக்காக உச்சுக் கொட்டுகிறது. இது எந்தத் தீர்ப்பிலும் இராது. நாவலாசிரியன்தான் எழுத வேண்டும். துண்டமாகக் கிடந்த உடலையும் ரத்தத்தையும் வர்ணிக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இதற்கு ஆள் வேண்டும்.

எழுதுகிறவருக்கு, களமாக விழுப்புரத்தையே சிபாரிசு செய்வேன். அந்தப் பெட்டி மானாமதுரை வரை போகாமல் விழுப்புரத்திலேயே நாறியிருந்தால் வழக்கு அன்றைய தென்னாற்காடு ஜில்லாப் போலீசாரின் தலையில் விழுந்திருக்கும். இரவு நேரம், பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், வேடிக்கை பார்க்கும் கூட்டம், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி ஓர் இன்ஸ்பெக்டர். கொண்டு வந்தவன் இந்த வண்டியிலேயே வந்திருந்தால், எந்தப் பக்கம் போயிருப்பான்? மாயவரம் பக்கமா? காட்பாடிப் பக்கமா? மூன்றாவதாக ஒரு கிளைப் பாதையும் உண்டு. அது புதுச்சேரிக்குப் போகிறது. 1952-ல் புதுச்சேரி இந்தியாவோடு சேரவில்லை. 1954 நவம்பரில்தான் நிர்வாகம் நம் கைக்கு வந்தது. ஆகவே அந்தக் கிளை வண்டியில் ஏறிவிட்டவன் சிறிது நேரத்தில் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இறங்கிவிடுவான். அங்கே நம் இன்ஸ்பெக்டரின் வாரண்டு செல்லாது.