நம் பேச்சை யார் கேட்கலாம்?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்காக நிற்பவர்களில் பாதிப் பேருக்குக் காதில் போன். பூக்கூடையை இடுப்பில் இடுக்கிய ஒரு அம்மா, வட்டிக்காரர் வீடு தேடி வந்ததை மகளிடம் சொல்கிறார். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்டுவிடக் கூடாதென்று முந்தானையை வாயருகே இழுத்துக்கொள்கிறார். இதே பேச்சை அரசு கேட்க நினைத்தால் அதற்கு எந்த முந்தானை தடுப்பு?

தடுப்பு உண்டு. 2025 ஜூலை 2-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு அதைத் தெளிவாகச் சொல்கிறது. 2011-இல் ஒரு லஞ்சப் புகாரைத் துப்பறிய, நிறுவன நிர்வாகி ஒருவரின் போனை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை உத்தரவிட்டிருந்தது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் ஒட்டுக்கேட்பை இரண்டு சூழ்நிலைகளில்தான் அனுமதித்தது: பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு. இரண்டுமே எவர் கண்ணுக்கும் தெரியக்கூடியவை. அதிகாரி தன் மனதுக்குள் வைத்துக்கொள்ளும் சந்தேகம் நெருக்கடி ஆகாது. குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவும் என்பது மட்டும் காரணமாகாது என்று சொல்லி, அந்த உத்தரவை நீதிமன்றம் ரத்து செய்தது. பதிவுகளை, ஒட்டுக்கேட்பைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவில்லை என்பதும் பெரிய குறை. அந்தத் தீர்ப்புக்குச் சில நாட்களுக்கு முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம் ஊழல் வழக்கொன்றில் இதற்கு மாறாகச் சொல்லியிருந்தது. தந்திச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அதே இரண்டு நிபந்தனைகள் இருப்பதால் இந்த வாதம் பழங்கதை ஆகிவிடவில்லை.

அந்த மறுஆய்வுக் குழு அரசு தானாக முன்வந்து அமைத்ததல்ல. அரசியல்வாதிகளின் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்டது வெளிவந்தபோது மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, உள்துறைச் செயலர் மட்டத்தில்தான் உத்தரவு பிறக்க வேண்டும், இரண்டு மாதம்தான் அதற்கு ஆயுள், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, குழு அதைச் சரிபார்க்க வேண்டும் என்றது. பதவியில்லாத மனிதர்கள் சேர்ந்து வாங்கித் தந்த காவல் அது. ஆனாலும் குழுவில் இருப்பவர்கள் அரசின் செயலர்கள்தான் என்பது எனக்கு உறுத்துகிறது.

இந்த வழக்காடலுக்கு நம் மாநிலத்திலேயே பழைய வேர் இருக்கிறது. 1950 மார்ச் 10-இல் சென்னை அரசு மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோத அமைப்பு என்று அறிவித்தது. கம்யூனிஸ்ட் கட்சிக்கு உதவுகிறது என்பது புகார். அரசிதழில் ஒரு அறிவிப்பு, அவ்வளவுதான். சங்கத்தார் நீதிபதி முன் நின்று பதில் சொல்ல வழியில்லை. பொதுச் செயலாளர் வி.ஜி. ராவ் உயர் நீதிமன்றம் போய் வென்றார். அரசு மேல்முறையீடு செய்தது. 1952 மார்ச் 31-இல் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அந்த மேல்முறையீட்டைத் தள்ளியது. அரசு தனக்குத் தானே திருப்திப்பட்டுக்கொள்வதும், ஆலோசனைக் குழுவொன்று கோப்பைப் பார்ப்பதும் சங்கம் சேரும் உரிமையைப் பறிக்கப் போதாது என்பதே தீர்ப்பின் சாரம். எழுபது ஆண்டு கழித்து ஒட்டுக்கேட்பு வழக்கிலும் அதே கேள்விதான் நின்றது: அரசு சொல்லும் காரணத்தை அரசைத் தவிர யார் சோதிப்பது?

போனுக்கு இந்த அளவாவது இருக்கிறது. முகத்துக்கு இதுவும் இல்லை. தமிழ்நாடு காவல்துறை முகத்தை வைத்து ஆளைக் கண்டறியும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. ஆனால் எப்போது, யாருடைய முகத்தைத் தேடலாம் என்று வரையறுக்கும் தனிச் சட்டம் நாட்டில் இல்லை. 2024 மே மாதம் அந்த மென்பொருளின் தளத்துக்குள்ளேயே வெளியார் புகுந்தது தெரியவந்தது. போனின் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம், முகத்தை எங்கே போய் மாற்றுவது?

ஹைதராபாத்தில் 2021-இல் சமூகச் செயற்பாட்டாளர் ஒருவரைக் காவலர்கள் தெருவில் நிறுத்தி, முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படமெடுத்தார்கள். என்ன காரணத்துக்காக எடுத்தீர்கள், அந்தப் படத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டு அவர் காவல் ஆணையருக்கு நோட்டீஸ் அனுப்பினார். பிறகு தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அவர் கேட்ட அந்த இரண்டு கேள்விகளையும் சத்திரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற எவரும் கேட்கலாம்.