"மேலுக்கு முடியல" என்றால் என்ன?

நமது தோட்டங்களில் "எனக்கு நோய்" என்று நேராகச் சொல்பவர்கள் மிகக் குறைவு. "மேலுக்கு முடியல", "ஒடம்பு ஒரு மாதிரியா இருக்கு", "லேசா அசதி" என்றுதான் பேச்சு வரும். பெரட்டுக்குப் போகாத ஆளைப் பற்றிக் கேட்டால், "அவருக்கு சம்பளத்துக்கு மறுநாள் வர்ற தலைவலி" என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து பதில் வரும். கேட்டவரும் சிரிப்பார், சொன்னவரும் சிரிப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நாளில் மட்டும் வயிற்றுவலி வருவதும் நமக்குத் தெரிந்ததே!

இப்படிச் சுற்றி வளைத்துப் பேசுவது நம்முடைய பழக்கம் மட்டுமல்ல. உலகத்தில் எல்லா மக்களிடமும் உண்டு. நோயின் பெயரைச் சொன்னால் அது நம்மைத் தேடி வந்துவிடும் என்ற பயம் ஒரு காரணம். மற்றவர்கள் ஒதுக்கி வைப்பார்கள் என்ற கூச்சம் இன்னொரு காரணம். வேதனையைச் சிரித்துத் தாங்கிக்கொள்ளும் குணம் மூன்றாவது காரணம். இந்த மூன்றும் கெட்டவை அல்ல. ஆனால் வைத்தியரின் முன்னாலும் சுற்றி வளைத்துப் பேசினால்தான் ஆபத்து.

நமது பிள்ளைகள் பலர் இப்போது கொழும்பில் வேலை செய்கிறார்கள். வெள்ளவத்தையில் வீடுகளிலும் கடைகளிலும், கொட்டாஞ்சேனையில் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் இருக்கிறார்கள். அங்கே நோய்க்கு வழங்கும் பேச்சு வேறு. அதைத் தெரிந்துகொள்வது அவர்களுக்கும், போனில் பேசும் நமக்கும் நல்லது.

ஒரே தமிழ், வேறு வேறு சொல்

யாழ்ப்பாணத்தார் அதிகம் வாழும் வெள்ளவத்தையில், "அவருக்கு வருத்தம்" என்றால் அவர் கவலையாக இருக்கிறார் என்று பொருளல்ல. அவருக்கு நோய் என்று பொருள். நாம் "சளி புடிச்சிருக்கு" என்பதை அவர்கள் "தடிமன்" என்பார்கள். நமக்கு வாந்தி, அவர்களுக்குச் சத்தி. நமக்கு "வயித்தால போகுது", அவர்களுக்கு "வயித்தாலடி". நாம் "முடியல" என்றால் அவர்கள் "ஏலாது" என்பார்கள். கன்னம் வீங்கும் நோய்க்கு அவர்கள் பெயர் கூகைக்கட்டு. தமிழ்நாட்டுப் பெயர் பொன்னுக்கு வீங்கி. பொன் நகைக்கு ஆசைப்பட்டுக் கன்னம் வீங்கியதாம், கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வடிந்துவிடுமாம்! சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் அது சில நாட்களில் தானாக வடியும் நோய் என்பதால்தான் இந்த வைத்தியம் இவ்வளவு காலம் பெயர் வாங்கியது.

வேலைக்குப் போன வீட்டில் "மேலுக்கு முடியல" என்று ஒரு பிள்ளை சொன்னால், வீட்டார் அதை வெறும் களைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். "காய்ச்சல் அடிக்குது, ரெண்டு நாளாச்சு" என்று சொன்னால் யாருக்கும் விளங்கும்.

அம்மாவின் முத்து

அம்மை நோயை நாம் நோய் என்றே சொல்வதில்லை. "அம்மா வந்திருக்கா", "முத்துப் போட்டிருக்கு" என்கிறோம். உடம்பில் எழும் கொப்புளத்தை முத்து என்று மரியாதையாகச் சொல்லி, வாசலில் வேப்பிலை கட்டுகிறோம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கு நம் மக்கள் திரண்டு போகும் பக்தியின் பின்னால் இந்தப் பழைய பயமும் இருக்கிறது. சிங்கள மக்களும் இதே நோயைத் "தெய்யங்கே லெட", அதாவது தெய்வத்தின் நோய் என்பார்கள். அவர்கள் நேர்ந்துகொள்வது பத்தினித் தெய்வத்தை. அந்தப் பத்தினி வேறு யாருமல்ல, நமது கண்ணகிதான்.

உயிர் குடித்த பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 1980ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுப்பூசிதான் அதை ஒழித்தது. இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் கொப்பளிப்பான். வேப்பிலை கட்டுவதில் தவறில்லை. ஆனால் கர்ப்பிணிக்கோ, கைக்குழந்தைக்கோ, வயதானவருக்கோ "அம்மா" வந்தால் டொக்டரிடம் காட்டாமல் இருக்கக்கூடாது. அம்மா கோபித்துக்கொள்ளமாட்டாள்!

ஊர்ப் பெயரே நோயின் பெயர்

கொழும்பில் இன்னொரு வேடிக்கை உண்டு. அங்கே நோயின் பெயரைச் சொல்லாமல் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரைச் சொல்வார்கள். "அவரை மகரகமைக்குக் கொண்டு போறாங்களாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் அது புற்றுநோய். "வெலிசரை" என்றால் நெஞ்சு நோய். "ஐ.டி.எச்." என்றால் தொற்றுநோய். கொட்டாஞ்சேனைச் சந்தியில் இரண்டு பேர் சண்டை பிடித்தால், "ஒன்ன அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்று ஒருவர் கத்துவார். அங்கொடை என்றால் மனநோய் ஆஸ்பத்திரி. அதற்கும் அப்பால் போனால் பொரளைக் கனத்தை மயானத்தின் பெயர் வரும். அதை நாம் விளக்கத் தேவையில்லை.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் இப்படிப் பேசிப் பேசி அந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே நடுங்குகிறோம். அங்கே போனவர் திரும்ப மாட்டார் என்று நினைக்கிறோம். உண்மை அப்படியல்ல.

மகரகமை புற்றுநோய் வைத்தியசாலையின் இன்றைய பெயர் அபேக்ஷா. சிங்களத்தில் அதற்கு நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்று பொருள். மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத இரத்தப்போக்கு ஆகியவற்றை ஆரம்பத்திலேயே காட்டியவர்களில் பலர் குணமாகி வீடு திரும்புகிறார்கள். வெற்றிலையும் புகையிலையும் சேர்த்துப் போடும் பழக்கம் உள்ள நம்மவர்கள் வாய்ப்புண்ணை "சூட்டுப் புண்" என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. மூன்று வாரத்தில் ஆறாத புண்ணை டொக்டரோ பல் டொக்டரோ பார்க்க வேண்டும்.

காசநோயை "மெலிவு", "பழைய இருமல்" என்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம். சாதாரணமாக ஆறு மாதம், நடுவில் நிறுத்தாமல் குடித்தால் குணமாகும்.

தொழுநோய்க்கு நம் முன்னோர் வைத்த பெயர் "பெரிய வியாதி". வத்தளைக்கு அருகே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டில் அமைத்த தொழுநோய் ஆஸ்பத்திரி இருப்பதால், "ஹெந்தளை" என்ற சொல்லுக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. இன்று அது பெரிய வியாதியே அல்ல. தோலில் உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமல் தெரிந்தவுடன் காட்டினால், ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை குடித்தால் சரியாகிவிடும்.

அங்கொடையில் இருப்பது இன்று தேசிய மனநல நிறுவனம். "நட்டு கழண்ட கேஸ்", "காத்துப் பட்டிருக்கு" என்று நாம் சொல்லும் பலருக்கு உண்மையில் தேவை மருந்தும் ஆறுதலும்தான். தூக்கமில்லாமல், சாப்பாடு இல்லாமல், "வாழ்ந்து என்ன பிரயோசனம்" என்று ஒருவர் சொன்னால் அதைக் கேலியாக எடுக்காதீர்கள். 1926 என்ற எண்ணுக்கு அழைத்துப் பேசலாம்.

மறைக்கக் கூடாத மறைமொழிகள்

"முழுகாம இருக்கா" என்றால் கர்ப்பம் என்று நமக்குத் தெரியும். சிங்களம் பேசும் இளம் தாதிக்குத் தெரியுமா? மருந்து எடுக்கும்போது "கர்ப்பமா இருக்கேன், இத்தனை மாசம்" என்று சொல்லியே ஆகவேண்டும். சில மருந்துகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. அதேபோல மாதவிலக்கை "தூரம்" என்று சொல்லி, அளவுக்கு மீறிப் போகும் இரத்தத்தை மறைக்கும் பெண்கள் இரத்தசோகையில் விழுகிறார்கள். மலையேறிக் கொழுந்து பறிக்கும்போது வரும் மூச்சிரைப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"பூச்சி தொட்டுருச்சு" என்றால் பாம்பு கடித்துவிட்டது என்று லயத்தில் எல்லோருக்கும் விளங்கும். டொக்டருக்குப் "பூச்சி" என்றால் பூச்சிதான். பாம்பு என்றே சொல்லுங்கள்.

"சீனி இருக்கு" என்பது நீரிழிவு. "வீட்டுல சீனி இல்ல, ஒடம்புல சீனி இருக்கு" என்று நம்மவர்கள் சிரிப்பதுண்டு. முன்பு பணக்கார வியாதி என்றார்கள். இன்று லயத்திலும் இருக்கிறது. காலில் புண் இருந்தால் காட்டிக்கொள்ளுங்கள். சீனி உள்ளவரின் சிறு புண் பெரிதாக அதிக நாள் எடுக்காது.

எல்லாவற்றையும் விட ஆபத்தான சொல் "லேசான காய்ச்சல்". கொழும்பில் அது டெங்குவாக இருக்கலாம். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும் அளவோடு குடிக்கலாம். அஸ்பிரின், புரூபன் போன்ற வலி மாத்திரைகள் இரத்தப்போக்கை உண்டாக்கும். இரண்டு நாள் தாண்டினால் இரத்தம் சோதிக்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் "சரியாப் போச்சு" என்று வேலைக்கு ஓடக்கூடாது. டெங்குவில் ஆபத்தான நேரமே அப்போதுதான் ஆரம்பிக்கிறது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுதல் கண்டால் உடனே ஆஸ்பத்திரி. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கொழும்பிலுள்ள பிள்ளைகள் சில சிங்களச் சொற்களையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. உண என்றால் காய்ச்சல். கெஸ்ஸ என்றால் இருமல். படே ருதாவ என்றால் வயிற்றுவலி. பப்புவே ருதாவ என்றால் நெஞ்சுவலி. வமனே என்றால் வாந்தி.

லயத்தில் சிரித்துப் பேசுவோம். நோயாளியின் மனம் நோகாமல் இதமான சொல்லும் சொல்வோம். ஆனால் டிஸ்பென்சரி வாசலுக்குப் போனதும் மூன்றை மட்டும் தெளிவாகச் சொல்வோம்: எங்கே வலி, எத்தனை நாளாக, என்ன மருந்து குடித்தோம். அடுத்த முறை பிள்ளை போனில் "ஒண்ணுமில்லம்மா, லேசா மேலுக்கு முடியல" என்றால், "என்ன செய்யுது, எத்தனை நாளா?" என்று நாமும் விடாமல் கேட்போம்.