வீட்டு வைஃபைக்கும் ஒரு பூட்டு!

ஸ்ரீமுஷ்ணம் வட்டாரக் கிராமங்களிலும் இப்போது வைஃபை பெட்டி வீட்டுச் சாமான்களில் ஒன்றாகி வருகிறது. பிள்ளைகளின் படிப்பு, உழவன் செயலி, பி.எம். கிசான் பதிவு, மாட்டுக் கொட்டகை கேமரா என்று பலதும் அதை நம்பி நடக்கின்றன. மோட்டார் கொட்டகையைப் பூட்ட மறக்காத விவசாயிகூட இந்தப் பெட்டியின் பூட்டைச் சோதித்துப் பார்ப்பதில்லை. இணைப்பு கொடுக்க வந்தவர் போட்டுவிட்டுப் போன பாஸ்வேர்டே வருடக்கணக்கில் இருக்கும். அது தெருவுக்கே தெரிந்திருக்கும்.

அதனால் என்ன நஷ்டம்?

வேகம் குறைவது சின்ன விஷயம். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் வீட்டுக்குத்தான் முதலில் விசாரணை வரும். 2008 ஜூலை 26-ல் ஆமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. காவல்துறை தடம் பிடித்துப் போய் நின்ற இடம், நவி மும்பையில் சம்பந்தமே இல்லாத ஒருவரின் வீடு. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். வைஃபை அலை சுவரோடு நிற்பதில்லை. தெரு வரைக்கும் போகும்.

பெட்டிக்கு இரண்டு சாவி

முதல் சாவி, போனை வைஃபையில் இணைக்கும்போது கேட்கும் பாஸ்வேர்டு. இரண்டாவது, பெட்டியின் அமைப்புகளுக்குள் நுழையும் 'அட்மின்' பாஸ்வேர்டு. பலரும் முதலாவதை மட்டும் மாற்றுகிறார்கள். இரண்டாவது பழையபடியே இருந்தால், உள்ளே வந்தவர் பூட்டையே மாற்றிவிடலாம்.

செய்ய வேண்டியவை

1. பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் 192.168.1.1 போன்ற ஒரு முகவரி இருக்கும். போனை அந்த வைஃபையில் இணைத்து, பிரவுசரில் அதை அடித்தால் அமைப்புப் பக்கம் திறக்கும்.

2. முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றவும்.

3. 'வயர்லெஸ் செக்யூரிட்டி' பகுதியில் 'டபிள்யூ.பி.ஏ.2 - ஏ.இ.எஸ்.' என்பதைத் தேர்வு செய்யவும். இதுதான் தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் குறியாக்கம். புதிய பெட்டியில் டபிள்யூ.பி.ஏ.3-ம் சேர்ந்த கலப்பு முறை இருந்தால் அது இன்னும் நல்லது. 'ஓப்பன்' வேண்டவே வேண்டாம். 'டபிள்யூ.இ.பி.' என்ற பழைய முறை 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது.

4. வைஃபை பாஸ்வேர்டுக்குக் குறைந்தது 8 எழுத்து வேண்டும். 12-க்கு மேல் இருந்தால் நல்லது. செல்போன் எண், பிள்ளை பெயருடன் 123 ஆகியவை வேண்டாம். சம்பந்தமில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும்.

5. 'டபிள்யூ.பி.எஸ்.' வசதியை அணைத்துவிடவும். அதன் 8 இலக்க எண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம் என்பது 2011-லேயே தெரிந்துவிட்டது.

6. உறவினருக்கும் விருந்தினருக்கும் 'கெஸ்ட்' இணைப்பு என்று தனியாக ஒன்று வைக்கலாம்.

கேள்வி - பதில்

பாஸ்வேர்டை மாற்றியதும் கொட்டகை கேமரா நின்றுவிட்டதே?

கேமரா பழைய பாஸ்வேர்டையே தேடிக்கொண்டிருக்கும். அதன் செயலியில் புதியதைக் கொடுக்க வேண்டும். பல கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே இணையும். அந்த அலைதான் தூரத்துக்கும் எட்டும். டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று வைத்திருந்தாலும் பழைய கருவிகள் இணையாது.

அட்மின் பாஸ்வேர்டு மறந்துபோனால்?

பின்புறம் உள்ள 'ரீசெட்' துளையை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். ஃபைபர் இணைப்பின் அமைப்புகளும் அழிந்து, நெட்டே நின்றுபோகலாம். இணைப்பு கொடுத்தவரிடம் முதலில் கேட்கவும்.

புதிய பாஸ்வேர்டுகள் இரண்டையும் பெட்டியிலேயே ஒட்டி வைக்காமல், ஒரு நோட்டில் எழுதி பட்டா, சிட்டா இருக்கும் பையிலேயே வைக்கலாம். இணையவழியில் பணம் பறிபோனால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கவும்.